பெயர்ப்பலகையில் எட்டு ஸ்க்ரூ

“பலகையில பேரைச் சின்னதா போட்டுட்டாங்களாம். மேயரம்மாவுக்குக் கோபம் வராம இருக்குமா!”

பின்னால் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். மேயரின் நாத்தனாருக்குக் காது கூசியது. அண்ணி நடத்துகிற திறப்பு விழா என்று, இருப்பதிலேயே நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வந்தவள் அவள்.

பஸ் நிலையத்தில் பெண்களுக்கான புதுக் கழிப்பறை. வாசலில் பளபளவென்று பெயர்ப்பலகை. அமைச்சர் பெயர் பூசணிக்காய் பருமனுக்கு. மேயர் பெயர் கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி.

பத்து மணிக்கு அமைச்சர் வருகிறார். அடுத்த தேர்தலில் மேயர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யப் போகிறவரும் அவர்தான்.

இந்த நேரம் பார்த்து, உள்ளே சுற்றிப் பார்க்கப் போன அண்ணி விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

“இன்ஜினியர் சார், இந்தப் பலகையில எத்தனை ஸ்க்ரூ?”

“எட்டும்மா. எல்லாம் பித்தளை. புயலடிச்சாலும் அசையாது.”

“அசைச்சுப் பார்ப்போம்.”

கைப்பையைத் துழாவி, தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பன்னிரண்டு வருஷம் இதே பஸ் நிலைய வாசலில் துணி தைத்தவள். மேயரான பிறகும் அது பையை விட்டுப் போகவில்லை.

முதல் ஸ்க்ரூ கழன்றது. இன்ஜினியருக்கு வேர்த்துக் கொட்டியது.

“அம்மா, வேணாம்மா. நாளைக்கே வாங்கி மாட்டிடறேன்.”

“திறக்கறது இன்னைக்குத்தானே சார்?”

கட்சிச் செயலாளர் ஓடி வந்தார். “என்னம்மா இது? அமைச்சர் பேரும்மா!”

“பேருக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. பத்திரமா வச்சுக்குவோம்.”

“இந்தப் பலகை இறங்குச்சுன்னா உங்க நாற்காலியும் இறங்கிடும். சொல்லிட்டேன்.”

“இறங்கட்டும். எனக்கு உட்கார வீட்ல தையல் ஸ்டூல் இருக்கு.”

மூன்றாவது ஸ்க்ரூவும் வந்தது.

“பலகைக்கா கழட்டுறாங்க? மேயருக்கே மறை கழண்டு போச்சு!” கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

நாத்தனாருக்குத் தாங்கவில்லை. கிட்டே போய் முணுமுணுத்தாள்.

“அண்ணி, மானம் போகுது. பேரு சின்னதா இருந்தா என்ன, குடியா முழுகிடும்? அண்ணன் அப்பவே சொல்லுச்சு, உங்களுக்கு வீம்பு ஜாஸ்தின்னு.”

“உங்கண்ணன் சொன்னது சரிதான். இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி.”

நாத்தனார் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணி எட்டையும் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பலகையைச் செயலாளர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

அமைச்சர் வந்தார். செயலாளர் அவர் காதில் ஓதினார். “மேயர் எங்கே?” என்றுகூடக் கேட்காமல் அமைச்சர் ரிப்பனை வெட்டினார். இரண்டு போட்டோ. கார் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

முந்தானையில் கையைத் துடைத்தபடி அண்ணி வெளியே வந்தபோது, புழுதிதான் மிச்சம் இருந்தது.

“மூட்டையைக் கட்டிக்குங்க” என்றார் செயலாளர்.

“சின்ன மூட்டைதாண்ணே. ஒரு கையிலயே தூக்கிடுவேன்.”

நாத்தனாருக்கு அழுகை முட்டியது. கூடவே, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததும் முட்டியது. அண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

இரண்டே கதவு. ஒன்றில் நுழைந்து சாத்தினாள்.

உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள். அதில் நாலு பித்தளை ஸ்க்ரூ. பக்கத்துக் கதவுக்கு மிச்சம் நாலு. தாழ்ப்பாளுக்கு என்று வந்த ஸ்க்ரூவை எடுத்துத்தான் பலகையை மாட்டியிருக்கிறார்கள்!

இங்கே இருந்த பழைய கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் நாத்தனார் வந்து நின்றால் போதும், அண்ணி தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். நாத்தனாருக்கு மட்டுமா? கூப்பிட்ட பெண்களுக்கெல்லாம்.

கதவுக்கு அடியில் தேய்ந்த செருப்பு ஒன்று தெரிந்தது. பழக்க தோஷம். அண்ணி இப்போதும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

நாத்தனார் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். டக்கென்று விழுந்தது.

“கையை எடுங்க அண்ணி,” என்றாள். “இனிமே இங்க யாரும் பிடிச்சுக்கிட்டு நிக்க வேணாம்.”