ஒன்பதாம் வளைவில் ஓர் இருமல்

பொரிப்பகத்தில் பிறந்து காட்டில் விடப்பட்ட பூங்குருவிகளுக்குப் பாடத் தெரியவில்லை. ஆகவே, மலைச்சாலைக்குப் பறவை பார்க்க வருவோர் ஏமாறாதிருக்க, செண்பகவடிவு ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில் புதருக்குள் அமர்ந்து, தினமும் விடியலிலிருந்து அவற்றின் பாட்டைச் சீழ்க்கையடித்து வந்தார். மழையில் நனைந்து நனைந்து, பாட்டின் நடுவே இருமலும் புகுந்துவிட்டது.

அந்தி சாயும் வேளையில் மேற்பார்வையாளர் எபனேசர் புதரை விலக்கினார்.

"என்னக்கா, மறுபடியும் இருமிட்டீய? சளி புடிச்ச குருவியான்னு வேன்ல வந்தவங்க சிரிக்காவ. இன்னொரு இருமல் கேட்டுச்சுன்னா நாளைக்கு வேற ஆளு."

"மத்தியானத்துல இருந்து நான் வாயே தொறக்கல சார். தொண்டை கட்டிப்போச்சு."

"பின்ன யாரு, உங்க பேயா?"

வாதாடத் தெம்பின்றி, செண்பகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது தலைக்கு மேலே, ஈரக் கிளையிலிருந்து ஒரு சீழ்க்கை எழுந்தது. பாதிப் பாட்டில் நின்று, அவரைப் போலவே இருமிவிட்டு, மீதியையும் பாடி முடித்தது.

எபனேசர் அண்ணாந்தபடியே நின்றார்.

"அப்ப நாளைக்கு ஆளே வேண்டாமேக்கா."

"அந்த இருமல மறக்கடிக்க யாரு சார் வருவா?" என்று கேட்டதுமே செண்பகவடிவுக்கு இருமல் வந்துவிட்டது.

கிளையிலிருந்து உடனே பதில் இருமல் கேட்டது.