அடுப்பில் ஊற்றிய தண்ணீர்

இன்று அவர் ஒரு கணம் முந்திச் சிரித்துவிட்டார்.

முதல் வரிசையில் ஒற்றைச் சிரிப்பு. அதற்குப் பிறகுதான் அரங்கம் சிரித்தது.

மேடையிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். அவளுடைய கணவர். சிரிக்க வேண்டிய இடம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

பேசிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஜெசிந்தா. கதை, மேடையில் உட்கார்ந்திருந்த அவள் இளவயதில் எழுதியது. ஒருத்தி எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிறாள். பிறகு பல நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

"புருஷன்காரர் என்ன பண்ணினார்? ஒரு உலை வச்சாரா? அரிசி களைஞ்சாரா? தூக்குவாளியைத் தூக்கிக்கிட்டுக் கிளப்புக் கடைக்குக் கிளம்பிட்டார்!"

அந்த இடம்தான். எந்த ஊர்க் கூட்டமானாலும் அங்கே சிரிப்பார்கள்.

"அண்ணன் இங்கதான் இருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்கண்ணே."

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கத்தினாள். "சார், இப்பவாவது காப்பி போடத் தெரியுமா?"

"சுடுதண்ணி வைப்பேன்மா."

மறுபடி சிரிப்பு. அவர் கையை உயர்த்தி எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஜெசிந்தா நல்லவள். யாரும் கவனிக்காத கதையைத் தூக்கிச் சுமந்தவள். சமையலறை வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர் கொடுத்தவள். கல்லூரிப் பாடத்தில் வைக்க அலைந்தவள்.

அந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் அடிக்கிற புருஷனை விட்டு வந்தேன் என்று ஒருத்தி ஒருமுறை இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவளிடம் போய், நீ படித்தது தப்பு என்று எப்படிச் சொல்வது?

தப்பும் இல்லை.

ஆனால் கதையின் இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது.

பிள்ளை தங்கவில்லை.

அவ்வளவுதான் அவளால் எழுத முடிந்தது. கதையைப் பற்றி வந்த கட்டுரைகளெல்லாம் அந்த வரியைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் ஆரம்பித்தன.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும்.

பால்குடிப் பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது என்றார்கள். ஒப்பாரி கிடையாது. பதினாறு கிடையாது. புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள். விடிந்ததும் மாமியார் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்கிடலாம். எந்திரி."

உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. பால் கட்டிய மார்போடு அவள் எழுந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினாள்.

சோறு கொண்டுவர யாரும் வரவில்லை.

அவர் போனார். தூக்குவாளியில் இட்லி வாங்கிவந்தார். துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரரைப் போல, தன் வீட்டிலேயே ஒன்றும் பேசாமல் அதை வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். பெண்டாட்டிக்கு வாளி தூக்குகிறான் என்று தெருவில் பேசினார்கள்.

அடுப்பு ஏன் எரியவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த மனிதர் கீழே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய கதைக்காக.

ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

போர்த்திய பொன்னாடை நழுவியது. அவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள். எப்போதும் நன்றி சொல்லி முடித்துக்கொள்வாள். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

"அது வேலைநிறுத்தம் இல்லம்மா," என்றாள். "துட்டி வீடு."

அரங்கம் புரியாமல் பார்த்தது.

"பெத்த பிள்ளை செத்துப்போச்சு. யாரும் துட்டி காக்கல. நான் காத்தேன். அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர் இவர் ஒருத்தர்தான்."

பின்வரிசை மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள். கதையின் பக்கங்களைப் புரட்டினாள். இரண்டாவது பத்தியில் அவள் விரல் நின்றது.

பிறகு எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள். மைக்குக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அக்கா, பிள்ளைக்கு என்ன பேரு?"

"பேரு வைக்கிற வரைக்கும் அது இருக்கலியே."

அவள் சொன்னது மைக்கில் கேட்டுவிட்டது.

"வடிவு."

முதல் வரிசையிலிருந்து வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவுன்னு வச்சிருந்தேன்."

இத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை. அவரைப் பற்றி அவள் எழுதியதும் தூக்குவாளி வரைக்கும்தான்.

அடுத்து நன்றியுரை சொல்ல வேண்டியவர் எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அவள் மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

பிள்ளையின் காதருகில் சொல்வதுபோல், மெதுவாக, மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னாள்.