கார்புரேட்டரின் தாராளம்

ஒரு மோட்டார் சைக்கிளில் தாராள மனசுள்ள கார்புரேட்டர் ஒன்று இருந்தது. காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டிவிடுவது அதன் வேலை. இன்ஜினைத் தன் சொந்தப் பிள்ளையாகவே அது நினைத்தது.

ஒருநாள் வண்டி மலையேறியது. பாதி மலையில் இன்ஜின் இருமத் தொடங்கியது. "ஐயோ, பிள்ளைக்குப் பசிக்கிறதே!" என்று கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றியது. இருமல் கூடியது. பதறிப்போய் மேலும் ஊற்றியது. பின்னால் கரும்புகை கிளம்பியது. செங்குத்தான ஒரு வளைவில் வண்டி நின்றுவிடப் பார்த்தது. பின்னாலோ பாதாளம்.

"அண்ணே, நான் முழுக்க நனைஞ்சுட்டேன். இனிமே எனக்குப் பொறி வராது!" என்று கத்தியது ஸ்பார்க் பிளக். "பசிக்குதான்னு அதுகிட்டயே ஒரு வார்த்தை கேளுங்களேன்!"

கார்புரேட்டர் அதுவரை கேட்டதே இல்லை. "என்ன கண்ணு செய்யுது உனக்கு?"

"மூச்சு முட்டுதுப்பா," என்றது இன்ஜின். "இந்த உயரத்துல காத்து கம்மி. பெட்ரோலையும் குறைச்சுக் குடுத்தா பிழைச்சுக்குவேன்."

பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கக் கார்புரேட்டருக்கு மனசே வரவில்லை. ஆனாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெட்ரோல் வரும் வழியில் இருந்த ஊசியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அந்த வழியைச் சுருக்கியது. பிளக் மெல்லக் காய்ந்து ஒரு பொறி விட்டது. இன்ஜின் தொண்டையைச் செருமியது. அடுத்த நொடி மலையே அதிர உறுமியது!

முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்த ஒரு லாரியை முந்தி, மேகத்தைக் கிழித்துக்கொண்டு வண்டி உச்சியைத் தொட்டது.

"பாத்தியா, என் பிள்ளையை!" என்று கார்புரேட்டர் ஆனந்தத்தில் கூவியது. அத்தனை ஆனந்தத்திலும் ஊசியை மட்டும் அது மேலே தூக்கவே இல்லை.