மெஷினில் ஓர் இடம்

"ஒண்ணா ரெண்டா சார்? இந்த மனுஷனோட லட்சணத்தைச் சொல்ல ஆரம்பிச்சா உங்க பேனாவுல மை பத்தாது," என்றாள் வீட்டுக்காரி.

விசாரணைக்காரர் விழித்தார். "உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ரத்தத்தைக் கழுவும் மெஷின் புதிதாக வந்திருந்தது. கிட்னி கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை வெளியே இழுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ளே விடும். ஊருக்கே அது ஒன்றுதான். அதில் இப்போது ஓர் இடம் காலி. கேட்டு நிற்பவர்களோ பலர். கிடைத்தால் பிழைக்கலாம், கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். யார் போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்று வீடு வீடாக விசாரித்து எழுதுவது இவர் வேலை. கையில் கதவு எண் மட்டும்தான் தருவார்கள். பெயர் தெரிந்தால் வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பார்களாம்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவன் ஒரு பெயிண்டர். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, சவரம் காணாத முகம். மனைவிக்கோ முகம் நன்றாக உப்பியிருந்தது. இந்த வீட்டில் சாப்பாடு எந்தப் பக்கம் போகிறது என்று விசாரணைக்காரருக்கு விளங்கிவிட்டது.

"பாலை அடுப்புல வெச்சா, பாத்திரம் கருகின பிறகுதான் இவருக்குப் பால் ஞாபகமே வரும்," என்றாள் அவள்.

"திரைச்சீலை எரிஞ்சுதே, அதை விட்டுட்டியே," என்றான் பெயிண்டர்.

"எங்க சின்னவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரச் சொன்னா, யார் வீட்டுப் பொண்ணையோ கூட்டிட்டு வந்து நிக்கிறாரு."

"ரெண்டு பேரும் ஒரே கலர் ரிப்பன் சார். சோறு ஊட்டி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது."

"பெரியவ எத்தனாவது படிக்கிறான்னு கேளுங்க."

பெயிண்டர் மோட்டுவளையைப் பார்த்தான். "ஆறு... இல்ல, ஏழு. எழுதிக்குங்க சார், தெரியலைன்னே எழுதிக்குங்க."

"எட்டு!" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு ஆத்திரம்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் ஆளை விசாரணைக்காரர் இன்றுதான் பார்க்கிறார். அவருக்குப் பொறுக்கவில்லை. பேனாவை மூடினார்.

"ஐயா, இதையெல்லாம் நான் எழுதிக் குடுத்தா அந்த இடம் வேற வீட்டுக்குப் போயிடும். இது உசிரு விஷயம். உங்களைப் பத்தி நீங்களாவது நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?"

பெயிண்டர் பதறிப்போய் எழுந்தான்.

"ஐயோ, பேனாவை மூடாதீங்க சார்! எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன். கிட்னி போனது இவளுக்கு. நான் ஒண்ணுக்கும் உதவாதவன்னு நல்லா அழுத்தி எழுதுங்க!"