அடுத்த பாகம் எப்போ?

"மறுபடியும் டைப் அடிச்சிருக்கீங்க. பொய் சொல்லாதீங்க மேடம்!"

பிசியோதெரபிஸ்டுக்குக் கோபம் தலைக்கேறியது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ள அவர் கொடுத்திருந்த பட்டையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் மேஜையில் உரசி உரசிப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வயது இருக்கும். அந்தக் கிளினிக்கில் யாருக்கும் பெயர் கிடையாது. முதுகு சார், முட்டி மாமா, கழுத்து அக்கா. இவர் மணிக்கட்டு மேடம்.

"கொஞ்சம்தான் சார். அவசர வேலை..."

"போன வாரமும் கொஞ்சம்தான். அதுக்கு முந்தின வாரமும் கொஞ்சம்தான். எங்க, இந்த டம்ளரைப் பிடிங்க."

பிடித்தார். டம்ளர் நழுவி மேஜையில் உருண்டது. நல்லவேளை, காலி டம்ளர்.

"பார்த்தீங்களா? நாலு விரல் மரத்துப் போச்சு. இப்படியே போனா ஆபரேஷன்தான். அப்பவும் விரல் பழையபடி வரும்னு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க. கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"இந்தச் சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா, அதாவது கேட்டிருக்கும்!"

பேசிக்கொண்டே மேடத்தின் வலது கையை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்துத் துண்டால் சுற்றி வைத்தார். மெழுகு ஆறும்வரை சும்மா இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டுக்குத்தான் சும்மா இருக்கவே வராதே. போனை எடுத்துப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த முகம் மறுபடியும் சிவந்தது.

"இன்னிக்கும் வரல! இந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"யாரு சார்?"

"'அண்டப் பேரரசு'ன்னு ஒரு கேம் மேடம். சும்மா சுட்டுக்கிட்டு ஓடற சின்னப் பிள்ளை விளையாட்டு இல்ல. ஒரே ஒரு கிரகத்தோட ஆரம்பிக்கணும். கப்பல் கட்டணும், பக்கத்துக் கிரகத்தோட சமாதானம் பேசணும், நேரம் பார்த்துக் காலை வாரணும். ஒரு சரக்குக் கப்பல் வழி தவறினா அங்க ஒரு கிரகமே பட்டினி! வீட்டுல என்னைத் தண்ணி தெளிச்சு விட்டுட்டாங்கன்னா பாத்துக்குங்க."

மேடம் துண்டு சுற்றிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தனையும் ஒரே ஆள், தனியா உட்கார்ந்து செஞ்சது. முகத்தைக்கூட எங்கேயும் காட்டினதில்ல, அவ்வளவு அடக்கம். மகா மேதை மேடம்! அந்தக் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்."

"அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?"

"ரெண்டாம் பாகம் எப்பவோ வந்திருக்கணும். 'சொந்தக் காரணங்களால் தாமதம்'னு ஒரு வரி எழுதிட்டுத் தேதியே சொல்ல மாட்டேங்கறான். என்ன பெரிய சொந்தக் காரணம்? இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவான்!"

"ஏதாவது கஷ்டம் இருக்கும் சார்."

"உங்களுக்கு இளகின மனசு. இந்த மாதிரி ஆளுங்களைத் தார்க்குச்சி வச்சுக் குத்திக்கிட்டே இருக்கணும். நான் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதித் தள்ளறேன். ஒண்ணு விடாம பதில் போடறான் தெரியுமா!"

"மருந்து மாதிரி மூணு வேளையா?"

"வேற வழி?"

கட்டைவிரலால் படபடவென்று தட்டினார். 'ஏ தூங்குமூஞ்சி, அடுத்த பாகம் எப்போ?' கீழே, அந்த விளையாட்டுக்காகத் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம்: சனிக்கோள் சக்ரவர்த்தி. அதை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு அனுப்பினார். பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

போனை வைத்துவிட்டுத் துண்டைப் பிரித்தார். மெழுகு உறை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. சிவந்து வீங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். சுண்டுவிரல் தவிர ஒன்றிலும் உணர்ச்சியில்லை. அவருக்கே பரிதாபமாகப் போய்விட்டது.

"இந்தக் கை போயிட்டா என்ன செய்வீங்க மேடம்? சொல்லுங்க."

மேடம் பதில் சொல்வதற்குள், படிக்காத செய்தியை நினைவூட்டி அவருடைய கைப்பை இரண்டாவது முறையாக முனகியது. மேடம் இடது கையால் போனை எடுத்துப் படித்தார்.

"பாருங்க, இங்கேயும் விடறானா! உங்க முதலாளிதானே?"

"முதலாளி இல்ல சார். என் வேலையை விரும்பறவர். எப்போ முடியும், எப்போ முடியும்னு கேட்டுக்கிட்டே இருப்பார். பாவம், ஏமாந்துடக் கூடாதேன்னுதான் பட்டையோடயே உட்கார்ந்து அடிச்சேன்."

"என்ன பாவம்? ஒரு மனுஷி கை விளங்காமப் போனாலும் பரவாயில்ல, தன் காரியம் ஆகணும்னு நினைக்கிறவன் எல்லாம் ஒரு ஆளா? நீங்க இடம் கொடுக்கறீங்க, அவன் மடத்தையே பிடுங்கறான்!"

"நல்ல மனுஷன்தான் சார். விஷயம் தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியலன்னா நான் தெரிய வைக்கிறேன். வைத்தியம் பார்க்கறவன் நான், எனக்கு உரிமை இருக்கு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டாத்தான் இவனுக்கெல்லாம் உறைக்கும். பேரைச் சொல்லுங்க!"

மேடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினார்.

"சொந்தப் பேர் தெரியாது சார்" என்றார் மெதுவாக. "சனிக்கோள் சக்ரவர்த்தின்னு போட்டுக்கறார்."