பதினெட்டைத் தாண்டிய முள்

“பாக்கெட்ல கல்லு கில்லு வச்சிருக்கியாடி?”

“இல்லக்கா. வேணும்னா தடவிப் பாருங்க.”

பள்ளிக்கு மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் சிரித்தபடி எடைக்கருவியின் முன் குனிகிறாள். ஜன்னல் வழியே விழும் வெயிலில் அதன்மேல் ஏறி நிற்கும் ஏழு வயதுச் சிறுமியின் முழங்கால்கள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன. நகங்கள் இன்னும் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கின்றன. ஆனாலும் முள் நடுங்கி நடுங்கிப் பதினெட்டு கிலோவைத் தாண்டி நிற்கிறது. “அட்ரா சக்கை! தேறிட்டியே! இனிமே உனக்கு சத்துமாவு பாக்கெட் கிடையாது, போ” என்று நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டுகிறாள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். சிறுமி இறங்கவில்லை. மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, முள்ளையே பார்க்கிறாள். அது அசையவில்லை. “இறங்கு தங்கம், பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாரு.” சிறுமி நர்ஸின் காதருகே குனிகிறாள். மூச்சு சூடாக இருக்கிறது. “அந்த மாவைத்தான் அம்மா தங்கச்சிக்கும் கரைச்சுக் குடுப்பாங்க. அவளுக்கு மூணு வயசு, இன்னும் நடக்கல.” நர்ஸின் பேனா பதிவேட்டுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நிற்கிறது.

“போன மாசம் எழுதுனதையே எழுதுங்களேன்க்கா.”