ஆட்டு வைத்தியரும் கழுதையின் முட்டியும்

கழுதைக்குப் பின்னங்கால் முட்டியில் தாங்க முடியாத வலி. படுத்தால் எழ முடியவில்லை. வைத்தியரான ஆடு, அமுக்கரா வேரைத் தன் வாயாலேயே மென்று தினமும் பற்றுப் போட்டது.

ஒரு வாரம் கழித்து, "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டது.

"எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கு. உன் எச்சில் நாத்தம்தான் மிச்சம்!"

"கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லுங்கண்ணே. என் பிழைப்பு ஓடணும்."

"என்னையே பொய் சொல்லச் சொல்றியா?"

கழுதைக்கு வந்ததே கோபம்! துள்ளி எழுந்து ஓர் உதை விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்த ஆடு, முள்ளுக்கு நடுவிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கியது.

"அண்ணே, இப்ப உதைச்சது வலிக்கிற கால்தானே?"

"ஆமாடா! நல்ல காலா இருந்தா, நீ ஆத்துக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பே!"